எழுத்து ஒத்தால் உறவாகுமா? உப்பளக் கரையின் பழஞ்சொற்கள் குறித்து ஓர் ஆய்வு

‘இரும்பை’ என்ற நான்கெழுத்தை ஒரு பெரிய தமிழ்நூல் திரட்டில் தேடச் சொன்னால், கணினி ஊரைக் காட்டுவதற்கு முன் உலோகத்தைத்தான் காட்டும். இரும்பை உருக்கினான், இரும்பைக் காய்ச்சினான் என்று இரண்டாம் வேற்றுமை உருபேற்ற வடிவங்களே வரிசையாக வந்து நிற்கும். அவற்றுக்கு நடுவில் எங்கோ விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்து இரும்பை ஒளிந்திருக்கும். திருஞானசம்பந்தர் பதிகம் பெற்ற, தொண்டைநாட்டுப் பாடல் பெற்ற தலங்களுள் ஒன்றான இரும்பை மாகாளம் அது. கடுவெளிச் சித்தர் கதையோடு பிணைந்த ஊர். ஆரோவில்லை அடுத்து, மரக்காணம் நோக்கி நீளும் உப்பு நிலத்தின் தென்பக்கத்தில் இருக்கிறது. ஊருக்கும் உலோகத்துக்கும் எழுத்து ஒன்றே. உறவு எதுவும் இல்லை.

பழைய அகராதிகளில் எழுத்துத் தொடர் ஒன்றைப் பகிர்ந்துகொள்ளும் சொற்களை எப்படிப் புரிந்துகொள்வது என்பது தமிழில் நெடுங்காலக் கேள்வி. ஒரே எழுத்துகளோடு வருவதால் அவை ஒரே குடும்பமா? ஒரே குடும்பத்துச் சொற்கள் எப்போதும் ஒரே எழுத்துகளோடு வருமா? நிகண்டு செய்தவர்கள், அகராதி தொகுத்தவர்கள், வேர்ச்சொல் ஆய்ந்தவர்கள், இன்று கணினியில் தேடுபவர்கள் என ஒவ்வொருவரும் தம் தேவைக்கேற்ப இதற்கு விடை சொல்லியிருக்கிறார்கள். அந்த விடைகளை இரும்பை முதல் மரக்காணம் வரையிலான கரையின் சொற்களை வைத்துச் சோதித்துப் பார்ப்பதே இக்கட்டுரை. நெய்தல் நிலத்துச் சொற்கள் நிகண்டுகளில் நிறையப் பதிவாகியுள்ளன. அவை குறிக்கும் நிலமும் தொழிலும் இன்றும் கண்முன்னே இருக்கின்றன. எழுத்து சொல்வதை மண்ணிடம் கேட்டுச் சரிபார்க்க இந்தக் கரை வாய்ப்புத் தருகிறது.

எதுகையால் கூடிய சொற்கள்

தமிழில் சொற்களை முதன்முதலில் தொகுத்தவர்கள் முதலெழுத்து வரிசையைப் பின்பற்றவில்லை. அம்பர்ச் சேந்தன் ஆதரவில் திவாகரர் செய்த திவாகரமும், அதன்பின் வந்த பிங்கலமும் பொருளை வைத்தே சொற்களைக் கூட்டின. தேவர் பெயர், மக்கள் பெயர், விலங்கின் பெயர், மரப்பெயர், இடப்பெயர் என்று தொகுதி தொகுதியாகப் பிரித்தன. கடலுக்கு உரிய பெயர்களெல்லாம் ஓரிடத்தில் இருக்கும். அவை எந்த எழுத்தில் தொடங்கினாலும் கவலையில்லை.

சிக்கல் எழுந்தது ஒரு சொல்லுக்குப் பல பொருள் சொல்லும் தொகுதியில்தான். அங்கே பொருளால் பிரிக்க வழியில்லை. 16-ஆம் நூற்றாண்டில் மண்டல புருடர் செய்த சூடாமணி நிகண்டு இதற்கு எதுகையைக் கையில் எடுத்தது. இவர் திண்டிவனத்துக்கு அருகிலுள்ள பெருமண்டூரைச் சேர்ந்த சமணப் புலவர் என்று சொல்வதுண்டு. அப்படியானால் நம் உப்புக் கரையிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாதவர். பன்னிரண்டு தொகுதிகள் கொண்ட அந்நூலின் பதினோராம் தொகுதியில் சொற்கள் இரண்டாம் எழுத்தை வைத்து வரிசைப்படுகின்றன. ககர எதுகைச் சொற்கள் முதலில், பிறகு அடுத்தடுத்த மெய்களுக்கு உரியவை என்று போகும். திண்ணைப் பள்ளியில் மாணவர் மனப்பாடம் செய்த நூல் அது. பாட்டாக ஒப்பிக்கும்போது எதுகைதான் ஒரு சொல்லிலிருந்து அடுத்த சொல்லுக்குக் கைபிடித்து அழைத்துச் செல்லும். ஆகவே இந்த வரிசை நினைவுக்கும் யாப்புக்கும் உகந்த வரிசை.

இதை முழு அகராதி முறையாகவே ஆக்கியவர் வீரமாமுனிவர். 1732-இல் அவர் முடித்த சதுரகராதிக்கு நான்கு பகுதிகள்: பெயர், பொருள், தொகை, தொடை. நான்காவதான தொடையகராதி எதுகைக்கு ஒத்துவரும் சொற்களைக் கூட்டங் கூட்டமாகத் தருகிறது. செய்யுள் எழுதுபவர், தேவையான ஓசையுள்ள சொல்லை அங்கே போய் எடுத்துக்கொள்ளலாம். பொதுவான எழுத்துத் தொடர் என்பதையே அடிப்படையாக வைத்துத் தமிழில் செய்யப்பட்ட தொகுப்புகளில் இதுவே தலையாயது. 1824-இல் சென்னையில் சதுரகராதி அச்சேறியபின் புலவர் வீடுகளில் நெடுநாள் புழங்கியது.

எதுகை வரிசையில் அளம் என்ற சொல்லுக்கு அண்டை வீட்டார் களம், தளம், வளம், குளம், உளம். ஓசை ஒன்று, பொருள் வேறு வேறு. இவற்றை உறவினர் என்று நிகண்டு ஒருபோதும் சொல்லவில்லை. கூட்டியது பாட்டுக்காக, வேர் காண்பதற்காக அல்ல. பழைய தொகுப்புகளைப் படிப்பவர் இந்த வேறுபாட்டை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும்.

முதலெழுத்து வரிசை வந்தபின்

1594-இல் சிதம்பரம் ரேவண சித்தர் செய்த அகராதி நிகண்டு சொற்களை முதலெழுத்தால் வரிசைப்படுத்தியது. அகரம் ஆதியாக அமைந்ததால் அகராதி எனப் பெயர் பெற்றது. அந்தப் பெயரே பிறகு இவ்வகை நூல்கள் அனைத்துக்கும் நிலைத்தது. 1842-இல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த மானிப்பாய் அகராதி, 1862-இல் வெளிவந்த வின்சுலோவின் தமிழ்–ஆங்கில அகராதி ஆகியவை இந்த வரிசையை நிலைநிறுத்தின. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதிப் பணி 1913-இல் சாண்ட்லர் தலைமையில் தொடங்கி, பின்னர் ச. வையாபுரிப்பிள்ளையைப் பதிப்பாசிரியராகக் கொண்டு நிறைவேறியது. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகள் வெளிவந்தன. 1939-இல் அனுபந்தம் வந்தது. இரண்டும் சேர்த்து 1,17,762 சொற்கள்.

முதலெழுத்து வரிசையின் விளைவு பெரிது. அதுவரை ஓசையாலும் பொருளாலும் கூடியிருந்த சொற்கள் இப்போது தொடக்க எழுத்தால் கூடின. ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து நிற்கும் சொற்கள் உறவுடையவை என்ற எண்ணம் படிப்பவர் மனத்தில் தானாகவே எழும். உப்பு என்ற சொல்லின் சுற்றத்தைப் பாருங்கள்: உப்பக்கம், உப்பங்கழி, உப்பரிகை, உப்பளம், உப்பாறு. இவற்றில் உப்பங்கழியும் உப்பளமும் உப்பாறும் உப்பைச் சேர்ந்தவை. உப்பரிகை மாடி வீட்டின் மேல்தளம். உப்பக்கம் முதுகுப்புறம்; ஊழையும் புறங்காணலாம் என்னும் குறளில் வருவது. ‘உப்’ என்ற தொடர் ஐந்துக்கும் பொது. உப்புச்சுவை மூன்றுக்கு மட்டுமே.

அள: சேற்றில் பிறந்த சொற்கள்

அளம் என்றால் உப்பு விளையும் நிலம். இன்று தனிச்சொல்லாக வழக்கில் அரிது. உப்பளம் என்ற கூட்டுச்சொல்லில் உயிரோடு இருக்கிறது. சோழர் காலக் கல்வெட்டுகளில் பேரளம் என்று வரும். அளக்கர் என்பதற்குப் பேரகராதி தரும் பொருள்களில் கடல், உப்பளம், சேறு மூன்றும் உண்டு. அளறு என்றால் சேறு. திருக்குறளில் நரகம் என்ற பொருளிலும் வருகிறது. அள்ளல் என்பதும் சேறுதான். உப்பு அமைப்போரை அளவர் என்றும், நெய்தல் நிலப் பெண்களை அளத்தியர் என்றும் குறிக்கும் சொற்களை நிகண்டு மரபு காத்துத் தந்திருக்கிறது.

கடலும் உப்பளமும் சேறும் ஒரே சொல்லுக்குள் எப்படி வந்தன என்று ஏட்டை மட்டும் பார்ப்பவருக்கு வியப்பாக இருக்கும். மரக்காணத்து அளத்தில் இறங்கி நின்றவருக்கு வியப்பு இராது. அங்கே வேலை சேற்றில்தான் தொடங்குகிறது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் மழைநீரை வடித்துப் பாத்திகளைச் சீர்செய்வார்கள். களிமண் தரையைக் காலால் மிதித்து மிதித்து இறுக்குவார்கள். தரை இறுகினால்தான் நீர் கீழே இறங்காது. உப்பில் மண்ணும் கலக்காது. பிறகு உவர்நீரைப் பெரிய பாத்திகளில் தேக்கி, வற்ற வற்ற அடுத்தடுத்த பாத்திக்கு மாற்றுவார்கள். கடல்நீரின் அடர்த்தி போமே அளவுகோலில் ஏறத்தாழ 3 டிகிரி. அது வெயிலில் சுண்டி 25 டிகிரி அளவுக்கு வரும்போது உப்பு படியத் தொடங்கும். 30 டிகிரியை நெருங்கவிட்டால் மக்னீசிய உப்புகள் சேர்ந்து கசப்பேறும். அதற்குமுன் மிச்ச நீரை வடித்துவிட வேண்டும். கடல்நீர், சேற்றுத்தரை, உப்பு மூன்றும் ஒரே பாத்தியில் ஒரே பருவத்தில் சந்திக்கின்றன. அளக்கர் என்ற சொல்லின் மூன்று பொருள்களும் ஒரு தொழிலாளியின் ஒருநாள் வேலைக்குள் அடங்கிவிடும். இங்கே எழுத்து காட்டும் உறவை நிலம் ஒப்புக்கொள்கிறது.

ஆனால் ‘அள’ என்று தொடங்கும் எல்லாச் சொற்களும் இந்தச் சேற்றில் பிறந்தவை அல்ல. அளத்தல், அளவு, அளவை, அளபெடை ஆகியவை அளந்தறிதலைச் சேர்ந்தவை. கூந்தலைக் குறிக்கும் அளகம் வடமொழியிலிருந்து வந்தது. அளவர் என்ற வடிவமே இரண்டு குடும்பத்துக்கும் பொதுவாக நிற்கக்கூடும்: உப்பு அமைப்போர் ஒருவர், அளப்போர் ஒருவர். உப்பு அளந்து விற்கும் பண்டம் என்பதால் இரண்டையும் ஒன்றாக்கிவிடும் ஆசை எழும். அளம் என்ற அடிச்சொல் நடுவில் நிற்பதால்தான் முதல் அளவரின் பிறப்பு தெளிவாகிறது.

ஊர்ப்பெயர்களில் இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். சென்னைக்குத் தெற்கே ஒரு கோவளம், கன்னியாகுமரிக்கு அருகில் ஒன்று, கேரளத்தில் ஒன்று. உப்பளத்தைப் போலவே இதுவும் ‘ளம்’ என்று முடிகிறது. கடற்கரையில் வேறு இருக்கிறது. ஆயினும் கோவளம் என்பதற்குக் கடலுக்குள் நீளும் நிலமுனை என்ற பொருள் அகராதியில் உண்டு. அந்தக் கரைகளின் அமைப்பும் அதற்கு இசைகிறது. திருவாரூர் மாவட்டத்துப் பேரளமோ கடலை ஒட்டிய ஊர் அல்ல. ஈறு ஒத்திருப்பது கேள்வி எழுப்பப் போதும், விடையாகப் போதாது.

உவர், உவரி, உவா

உவர் என்றால் கரிப்பு; உவர்மண், உவர்நீர் என்று இன்றும் சொல்கிறோம். உவரி என்றால் கடல்; திருநெல்வேலிக் கடற்கரையில் அந்தப் பெயரில் ஊரே இருக்கிறது. உவர்த்தல் என்பதற்குக் கரித்தல் என்ற பொருளோடு வெறுத்தல் என்ற பொருளும் உண்டு. அதற்கு அடுத்த வீட்டில் உவத்தல் இருக்கிறது. அதன் பொருள் மகிழ்தல். நடுவில் ஒரு ரகர மெய். அதைச் சேர்த்தால் வெறுப்பு, நீக்கினால் உவகை. எழுத்து நெருங்க நெருங்கப் பொருளும் நெருங்கும் என்று நம்புவோருக்கு இந்த இணை தக்க மறுப்பு.

உவர் என்றே இன்னொரு சொல்லும் உண்டு. இவர், அவர் என்ற இரண்டுக்கும் நடுவே நிற்போரைச் சுட்டுவது. தமிழ்நாட்டில் வழக்கொழிந்த இந்த உகரச் சுட்டு, யாழ்ப்பாணத் தமிழில் உது, உவன், உங்கே என்று இன்றும் வாழ்கிறது. உப்பு மண்ணும் நடுவில் நிற்கும் மனிதரும் ஒரே மூன்றெழுத்தில் அடங்கியிருக்கிறார்கள். ஒருவருக்கொருவர் சுற்றம் அல்லர்.

உவா என்ற சொல் தரும் மயக்கம் இதைவிட நுட்பமானது. முழுநிலவுக்கும் மறைநிலவுக்கும் உவா என்று பெயர். அந்த இரு நாள்களை ஒட்டித்தான் கடல் ஏற்றம் மிகும். முகத்துவாரம் வழியாகக் கழிக்குள் உவர்நீர் நிறைய ஏறும். எழுத்தும் ஒக்கிறது, பொருளும் ஏறக்குறைய கைக்கெட்டுகிறது. உவர்நீர் ஏறும் நாள் உவா என்று சொல்லிவிடலாம் போலத் தோன்றும். ஆனால் பரோவும் எமனோவும் 1961-இல் வெளியிட்டு 1984-இல் திருத்திய திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியில், உவர்க் குடும்பத்துக்குள் உவாவுக்கு இடமில்லை. இனமொழிகள் அதற்குத் துணை நிற்கவில்லை. பொருள் பொருந்திவிட்டது என்பதற்காகவே உறவு கட்டிவிடக் கூடாது என்பதற்கு இது நல்ல பாடம்.

அதே அகராதி உப்பையும் உவரையும் ஒரே பதிவில் சேர்க்கிறது. இரண்டுக்கும் பொது எழுத்து முதலில் நிற்கும் உகரம் ஒன்றுதான். தெலுங்கிலும் கன்னடத்திலும் மலையாளத்திலும் உப்பு என்றே வழங்குவதும், இரண்டு சொற்களின் பொருளும் ஒரே சுவையில் நிலைகொண்டிருப்பதும் அந்த முடிவுக்குத் துணை. எழுத்தெல்லாம் ஒத்தும் உறவில்லாத உவரும் உவரும் ஒருபுறம். எழுத்து ஒவ்வாமலே உறவாகிய உப்பும் உவரும் மறுபுறம்.

புணர்ச்சி மறைக்கும் உறவு

இரும்பு என்ற சொல் பாதையோடு சேரும்போது இருப்புப்பாதை ஆகிறது. கரும்பின் சாறு கருப்பஞ்சாறு. வேம்பின் எண்ணெய் வேப்பெண்ணெய். மென்றொடர் வன்றொடராக மாறுவது தமிழ்ப் புணர்ச்சியின் இயல்பு. எழுத்துத் தொடரை மட்டும் நம்பினால் இருப்புப்பாதை இரும்பை விட்டு விலகி, கையிருப்பு, நெல்லிருப்பு என்ற வேறு கூட்டத்தில் போய்ச் சேர்ந்துவிடும்.

இரும்பை என்ற ஊர்ப்பெயருக்கும் இது பொருந்தும். இலுப்பை மரத்துக்குச் சங்க இலக்கியம் வழங்கும் பெயர் இருப்பை. விராஅன் என்பவனுக்கு உரிய ஊராக இருப்பை என்ற பெயர் நற்றிணையிலும் ஐங்குறுநூற்றிலும் வருகிறது. மரத்தால் ஊர் பெயர் பெறுவது அவ்வளவு பழைய வழக்கம். ரா.பி. சேதுப்பிள்ளை ‘தமிழகம் ஊரும் பேரும்’ நூலில் மரப்பெயர் தாங்கிய ஊர்களைப் பரக்கப் பேசுகிறார். நம் இரும்பையையும் இலுப்பையோடு சேர்த்துச் சொல்வோர் உண்டு. ப்ப, ம்ப என்னும் மாற்றம் தமிழ்க் காதுக்குப் பழகியதாகையால் அந்த விளக்கத்துக்கு ஒலி தடையாக இல்லை. எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கும் உலோகத்தைவிட, ஓரெழுத்து மாறி நிற்கும் மரமே ஊருக்கு நெருங்கியதாகிறது.

ஓலைச்சுவடிக் காலத்து எழுத்தையும் இங்கே நினைக்க வேண்டும். ஓலையில் புள்ளி இடுவதில்லை. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேறுபாடு இராது. ரகரமும் கால் குறியும் ஒன்றுபோல் இருக்கும். உவர் ஏறிய நிலத்தைக் குறிக்கும் களர் என்ற சொல்லும், முட்செடியைக் குறிக்கும் களா என்ற சொல்லும் ஓலையில் ஒரே வடிவம். எந்தச் சொல் என்பதை இடம்நோக்கிப் படிப்பவரே தீர்மானித்தார். பழைய சொற்களின் எழுத்துத் தொடர் என்று நாம் இன்று அச்சில் காண்பது, ஏடு பார்த்துப் பதிப்பித்தவர்களின் அறிவால் நமக்குக் கிடைத்தது.

இந்தக் கரையின் பெரிய நீர்ப்பரப்பின் பெயருக்கு இன்றும் அந்தச் சிக்கல் தீரவில்லை. 2021-இல் பறவைகள் சரணாலயமாகவும், 2024 ஆகஸ்டில் ராம்சார் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்ட அந்த 5,150 ஹெக்டேர் பரப்பைக் கழுவெளி, கழுவேலி, களுவேலி என்று பலவாறு எழுதுகிறார்கள். ஒவ்வோர் எழுத்தும் அந்தப் பெயரை அகராதியின் வெவ்வேறு தெருவில் குடியேற்றுகிறது. ஆனால் பக்கத்து இடைக்கழிநாட்டின் பெயரில் கழி ஐயமின்றித் தெளிவாக இருக்கிறது. சிறுபாணாற்றுப்படை பாடிய நத்தத்தனார் இடைக்கழிநாட்டு நல்லூரைச் சேர்ந்தவர் என்று அந்நூல் மரபு சொல்கிறது. உப்பு விற்கும் உமணரையும் உமட்டியரையும் பாட்டில் வைத்த அந்தப் புலவரின் நாட்டிலேயே உப்புத்தொழில் இன்றும் நடக்கிறது.

வேர் தேடியவர்களும் கணினியும்

எழுத்தொப்புமையை மிகத் துணிவாகப் பயன்படுத்தியவர் தேவநேயப் பாவாணர். ஓரசை வேரிலிருந்து கருத்து எப்படிக் கிளைத்தது என்று தொடர்ந்து சென்று, ஒரே தொடக்கம் கொண்ட சொற்களைக் குடும்பமாக்கினார். 1974-இல் அவரை இயக்குநராகக் கொண்டு தமிழ்நாடு அரசு தொடங்கிய சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்தின் முதல் மடலம் 1985-இல் வெளிவந்தது. பரோவும் எமனோவும் சென்ற வழி வேறு: இனமொழிகளில் ஒலி ஒழுங்காக ஒத்துவராத இடத்தில் உறவு சொல்லாமல் நின்றார்கள். பாவாணரின் வழி தமிழுக்குள்ளேயே ஆழமாகத் தேடத் தூண்டுகிறது. மற்ற இருவரின் வழி தவறான கூட்டைத் தடுக்கிறது. வேர் தேடும் ஆவலுக்கு முதல் வழியும், முடிவு சொல்லும் பொறுப்புக்கு இரண்டாம் வழியும் தேவை.

இன்று பேரகராதியும் வின்சுலோவும் சிகாகோ பல்கலைக்கழகத்தின் மின்னகராதித் தொகுப்பில் தேடக் கிடைக்கின்றன. அனுபந்தத்தோடு ஏழு தொகுதிகளைப் புரட்டும் வேலை நொடியில் முடிகிறது. ஆனால் தமிழ் எழுத்தைக் கணினி எப்படிச் சேமிக்கிறது என்பதை அறியாமல் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். உப்பளம் என்ற சொல்லுக்குள் அளம் இருக்கிறது என்று நமக்குத் தெரியும். கணினிக்குத் தெரியாது. அளம் என்பதன் அகரம் பகர மெய்யோடு கலந்து ‘ப’ ஆகிவிட்டதால், ‘அளம்’ என்ற தேடலுக்கு உப்பளம் அகப்படாது. ‘ளம்’ என்று தேடினாலோ குளமும் களமும் வளமும்கூட வந்து குவியும். எழுத்தை உயிராகவும் மெய்யாகவும் பிரித்து, உ-ப்-ப்-அ-ள்-அ-ம் என்று ஒலி வரிசையாகத் தேடினால்தான் அளம் வெளிப்படும். தொல்காப்பியம் உயிர்மெய்யைப் பிரித்துப் புணர்ச்சி சொன்ன முறையையே கணினிக்கும் சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

செய்ய வேண்டியது

இதுவரை கண்டவற்றிலிருந்து முடிவு ஒன்று திரள்கிறது. பொது எழுத்துத் தொடர் என்பது ஒரு கேள்விதான். அதற்கு விடை சொல்ல மூன்று சான்றுகள் வேண்டும்: புணர்ச்சி இலக்கணம் அந்த ஒலிமாற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும்; இலக்கியம், கல்வெட்டு, இனமொழி ஆகியவற்றில் ஏதாவது அந்தப் பொருளுக்குத் துணை நிற்க வேண்டும்; அந்தச் சொல் வாழ்ந்த நிலமும் தொழிலும் அந்தப் பொருளை ஏற்க வேண்டும். அளக்கருக்கு மூன்றாம் சான்று வலுவாக இருக்கிறது. உப்புக்கும் உவருக்கும் இரண்டாம் சான்று வலுவாக இருக்கிறது. உவாவுக்கு அது இல்லை.

மூன்று சான்றுகளில் விரைந்து தேய்வது நிலத்தின் சான்றே. ஏடுகள் அச்சாகிவிட்டன, அச்சு நூல்கள் மின்னுருவாகிவிட்டன. பாத்தி கட்டுவோர், நீர் மாற்றுவோர், உப்பு வாருவோர் வாயிலுள்ள சொற்கள் முழுமையாகத் தொகுக்கப்படவில்லை. உப்பின் பதத்துக்கும், நீரின் நிறத்துக்கும், மண்ணின் இறுக்கத்துக்கும், காற்றின் திசைக்கும் அவர்கள் வழங்கும் சொற்களில் எத்தனை அள, உவ, கழி குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதை அவர்களிடம் கேட்டுத்தான் அறிய முடியும். திண்டிவனம், விழுப்புரம், புதுச்சேரிக் கல்லூரிகளின் தமிழ்த்துறை மாணவர்களுக்கு இது எட்டக்கூடிய பணி. வானூர், மரக்காணம் வட்டங்களிலும் இடைக்கழிநாட்டிலும் ஊர் ஊராகச் சென்று, சொல், சொன்னவர் செய்யும் வேலை, சொல் வழங்கும் இடம், பருவம் என்று குறித்து, ஒலிப்பதிவோடு தொகுக்கலாம்.

அப்படித் தொகுத்ததை ஒலி வரிசையில் தேடத்தக்கதாக அமைத்து, பேரகராதிச் சொற்களோடு ஒப்பிட்டால், வீரமாமுனிவரின் தொடையகராதிக்குப் பின் தமிழுக்கு இன்னொரு புதிய வகை அகராதி கிடைக்கும். புலவருக்காகச் செய்த அகராதியில் ஓசை மட்டும் போதுமாயிருந்தது. தொழிலாளியின் சொல்லையும் சேர்க்கும் அகராதியில் ஓசையோடு மண்ணும் சாட்சி சொல்லும். நிகண்டு ஆசிரியர்கள் எழுதிவைத்ததால்தான் அளவர், அளத்தியர் என்ற பெயர்கள் நம்மிடம் வந்து சேர்ந்தன. இன்று அளத்தில் நிற்போர் பேசும் சொற்களை எழுதிவைக்க வேண்டிய கடமை நம்முடையது.